ஓடும் வண்டி லெட்ஜருக்காகக் காத்திருக்கக் கூடாது: எட்ஜ் ஆஃப்லோடிங் சோதனை மேடை கட்டிய பதிவு

பத்தில் ஒரு பங்கு அளவில் ஓட்டுநரில்லா வண்டி ஒன்று, சாலையோரக் கம்பப் பெட்டிகளின் இடத்தில் இரண்டு எட்ஜ் கணினிகள், மூன்று நிறுவனங்களின் பெயரில் மூன்று பிளாக்செயின் நோடுகள். இவற்றை ஒரே கூடத்துக்குள் வைத்துக் கட்டிய சோதனை மேடை இப்போது நம்பி ஓட்டும் நிலைக்கு வந்துவிட்டது. வண்டி தன் கேமரா படத்தை அருகிலுள்ள பெட்டிக்கு அனுப்புகிறது. கனமான கணக்கை இப்படி அருகிலுள்ள கணினியிடம் தள்ளிவிடுவதுதான் எட்ஜ் ஆஃப்லோடிங். பெட்டி அதில் ஆள், வண்டி, தடுப்பு எங்கே இருக்கிறது என்று கண்டு பதில் தருகிறது. யார் எந்தப் படத்துக்கு என்ன பதில் தந்தார் என்பதற்கான சாட்சி லெட்ஜரில், அதாவது மூன்று நோடுகளும் (கணினிகளும்) சேர்ந்து வைத்திருக்கும் பிளாக்செயின் பதிவேட்டில், ஏறுகிறது. பெட்டியின் மின்சாரத்தைப் பிடுங்கினாலும், லெட்ஜரின் தலைமை நோடைப் பிடுங்கினாலும், ஒரு பெட்டி வேண்டுமென்றே பொய்ப் பதில் தந்தாலும் வண்டி நிலைகுலைவதில்லை. எந்த வரிசையில் கட்டினோம், எது உடைந்தது, ஏன் உடைந்தது என்பது கீழே.

பிளாக்செயின் எதற்கு என்பதை முதலிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். சாலையோரப் பெட்டிகள் எல்லாம் ஒரே நிறுவனத்துடையவை என்றால் அது தேவையே இல்லை. கையொப்பமிட்ட பதிவுகளை ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் போட்டு வைத்தால் போதும், வேலையும் பாதிக்கு மேல் குறையும். மாநகராட்சியின் பெட்டி ஒரு தெருவில், தொலைபேசி நிறுவனத்தின் பெட்டி அடுத்த தெருவில், கார் தயாரிப்பாளரின் பெட்டி நெடுஞ்சாலையில் என்று வரும்போதுதான் சிக்கல். விபத்து நடந்த விநாடியில் உன் பெட்டி பாதசாரியைக் காட்டவில்லை என்று ஒருவர் சொல்வார், காட்டியது என்று மற்றவர் சொல்வார். பதிவேடு யார் கையில் இருக்கிறதோ அவர்மேல்தான் சந்தேகம் விழும். ஒருவரை ஒருவர் நம்பாத, ஆனால் சேர்ந்தே வேலை செய்தாக வேண்டிய தரப்புகளுக்காகத்தான் இந்த ஏற்பாடு. அதனால் டோக்கன், நாணயம் எதுவும் இதில் இல்லை. அனுமதி பெற்றவர்கள் மட்டும் சேரும் பிளாக்செயின் மென்பொருளான ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் 2.5தான் எடுத்தோம். ராஸ்பெரி பை போன்ற ஆர்ம்64 பலகைகளுக்கான டாக்கர் இமேஜ்கள் (அப்படியே ஓட்டத் தயாரான மென்பொருள் தொகுப்புகள்) இந்தப் பதிப்பில் நேரடியாகக் கிடைக்கின்றன. பழைய பதிப்பென்றால் எல்லாவற்றையும் நாமே கம்பைல் செய்ய வேண்டும்.

பொருள்களும் செலவும்

ராஸ்பெரி பை 4, 4 ஜிபி பலகை நான்கு: ஒன்று வண்டிக்கு, மூன்று லெட்ஜருக்கு. சுமார் 22,000 ரூபாய். முதல் எட்ஜ் பெட்டி ஜெட்சன் ஓரின் நானோ, சுமார் 28,000. இரண்டாவது எட்ஜ் பெட்டி ஏற்கெனவே கிடந்த, என்விடியா ஜிபியு உள்ள மடிக்கணினி. இரண்டும் வேறு வேறு வன்பொருளாக அமைந்தது பின்னால் பெரிய பாடமாகிவிட்டது. அதைக் கீழே சொல்கிறேன். ரிமோட் கார் சேஸி, மோட்டார், ஈஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) எல்லாம் சேர்த்து 14,000. 7.4 வோல்ட் லிப்போ பேட்டரியும் சார்ஜரும் 4,500. 240 ஜிபி எஸ்எஸ்டி மூன்று 5,400. வைஃபை ரூட்டர் இரண்டு 5,000. அகலக்கோணக் கேமரா, பிசிஏ9685 சர்வோ பலகை, 5 ஆம்பியர் யுபெக் (பேட்டரி வோல்ட்டேஜை 5 வோல்ட் பக்கம் இறக்கும் கருவி), டிஎஸ்3231 கடிகாரப் பலகைகள், ஏடெக் 608 பாதுகாப்புச் சிப் இரண்டு, யுஎஸ்பி வைஃபை, ஸ்விட்ச், பவர் அடாப்டர்கள் என்று சில்லறை 8,000. மடிக்கணினியை விட்டுவிட்டால் மொத்தம் 87,000 ரூபாய்ப் பக்கம் வரும்.

வண்டி: முதலில் நிற்க வைக்கும் வழி

மோட்டார் கிளம்பும் கணத்தில் பேட்டரி வோல்ட்டேஜ் சட்டென்று இறங்கும். ஈஎஸ்சியில் உள்ள 5 வோல்ட் வெளியீட்டிலிருந்தே ராஸ்பெரி பைக்கும் மின்சாரம் எடுத்தால் அது அங்கேயே ரீபூட் ஆகும், இல்லையென்றால் வேகத்தைத் தானாகக் குறைத்துக்கொள்ளும். இரண்டாவதுதான் மோசம், ஏனென்றால் வெளியே தெரியாது. தாமத அளவீடுகள் மட்டும் காரணமில்லாமல் எகிறும். பையின் விசிஜென்கமாண்ட் (vcgencmd) கட்டளையில் த்ராட்டில் நிலையைக் (வேகக் குறைப்பு நிலையை) கேட்டால் ஹெக்ஸ் 50005 என்று வந்தால் இப்போதே வோல்ட்டேஜ் குறைவு, 50000 என்று வந்தால் பூட்டுக்குப் பிறகு எப்போதோ குறைந்திருக்கிறது. பேட்டரியிலிருந்து நேராகத் தனி யுபெக் போட்டு, 5.1 வோல்ட் வருகிறதா என்று சுமையோடு அளந்த பிறகுதான் சுழியம் வந்தது. மின்விசிறியும் கட்டாயம். நான்கு கோர்களும் ஓடும்போது 80 டிகிரியைத் தொட்டதும் பை தன் வேகத்தைக் குறைக்கத் தொடங்கும்.

இதைவிட முக்கியமானது, சர்வோவுக்கும் ஈஎஸ்சிக்கும் பல்ஸ் அனுப்பும் பிசிஏ9685 சிப். பை உறைந்து நின்றுபோனாலும் இந்தச் சிப் கடைசியாகச் சொன்ன பல்ஸையே தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருக்கும். அதாவது மென்பொருள் செத்த பிறகும் வண்டி அதே வேகத்தில் ஓடும். இதற்கு மென்பொருளில் மருந்தில்லை. சிப்பின் வெளியீட்டு அனுமதிப் பின்னை உயர்நிலைக்கு இழுத்தால் எல்லா வெளியீடும் அணையும். பல்ஸ் நின்றால் பெரும்பாலான ஈஎஸ்சிகள் மோட்டாரை விட்டுவிடும், வாங்கியதில் அப்படித்தானா என்று சக்கரத்தைத் தூக்கி வைத்து ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும். ஒரு ஆர்டுயினோ நானோ என்ற தனிச் சிறு கட்டுப்பாட்டுப் பலகை இந்தப் பின்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஓட்டும் நிரல் ஒவ்வொரு சுற்றிலும் பையின் ஒரு ஜிபிஐஓ (உள்ளீடு-வெளியீடு) பின்னை மாற்றி மாற்றித் தட்டும். 200 மில்லி விநாடி தட்டு வரவில்லையென்றால் நானோ வெளியீட்டை அணைக்கும். இதில் ஒரு ஓட்டை உண்டு. கடையில் கிடைக்கும் பலகைகளில் அந்தப் பின் 10 கிலோ ஓம் வழியாகத் தரைக்கு இழுக்கப்பட்டிருக்கும், நானோ பூட் ஆகும் வரை அதன் பின்கள் மிதக்கும், அந்த இடைவெளியில் வெளியீடு திறந்தே இருக்கும். 3.3 வோல்ட்டுக்கு 1 கிலோ ஓம் ஒன்றைப் பற்றவைத்தால் இயல்பு நிலையே அணைந்த நிலையாகிவிடும். ஆஃப்லோடிங் பற்றி ஒரு வரி நிரல் எழுதும் முன் இந்த வேலை முடிந்திருக்க வேண்டும்.

தாமதக் கணக்கு

வண்டியின் உச்ச வேகம் விநாடிக்கு 2 மீட்டர். பதிலுக்கான கெடு 120 மில்லி விநாடி, அதற்குள் வண்டி 24 செ.மீ. நகரும். நிஜச் சாலையில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் கார் அதே 120 மில்லி விநாடியில் 2 மீட்டர் நகர்ந்திருக்கும். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் எதை எங்கே வைக்கலாம், எதை வைக்கவே கூடாது என்பது தானாகத் தெளியும்.

640க்கு 480 அளவுப் படம் அழுத்தாமல் 9,21,600 பைட். ஜேபெக் தரம் 80இல் அது 45 கிலோபைட் அளவுக்கு வருகிறது. அழுத்த 8, அனுப்ப 9, பெட்டியில் பிரித்துத் தயார் செய்ய 5, ஓரினில் பொருள்களைக் கண்டறியும் யோலோவி8 சிறிய மாடல் எஃப்பி16இல் (16 பிட் தசம எண்களில்) ஓட 15, பதில் திரும்ப 3. கூட்டினால் 40 மில்லி விநாடி. நடைமுறையிலும் நடுமதிப்பு அங்கேதான் நிற்கிறது. ஆனால் நடுமதிப்பு வண்டியைக் காப்பாற்றாது. காப்பாற்றுவது 95ஆவது சதவீதப் புள்ளி, அதாவது நூறில் 95 பதில்கள் வந்துசேரும் தாமத எல்லை. அதைக் கீழே கொண்டுவர மூன்று இடங்களைத் தொட வேண்டியிருந்தது.

முதலாவது, பையின் வைஃபை மின்சேமிப்பு. அது இயங்கினால் ரேடியோ தூங்கி, ரூட்டரின் அடுத்த பீக்கன் (இருப்பை அறிவிக்கும் சமிக்ஞை) வரும்போதுதான் தனக்குக் காத்திருக்கும் பதிலை வாங்கும். பீக்கன் இடைவெளி 102.4 மில்லி விநாடி. கெடு அங்கேயே போய்விடும். அணைத்தால் மட்டும் போதாது, ரீபூட் ஆனால் திரும்பி வரும். பூட் ஆகும்போதே தானாக ஓடும் சிஸ்டம்டி சேவையாகப் போட்டு வைக்க வேண்டும். இரண்டாவது, டிசிபியின் நேகிள் வழிமுறை. சின்னச் சின்னத் துண்டுகளைச் சேர்த்து அனுப்பக் காத்திருக்கும் அந்தப் பழக்கம் மறுமுனையின் தாமத ஒப்புகையோடு சேர்ந்தால் 40 மில்லி விநாடி வீணாகும். இரு முனையிலும் இந்தக் காத்திருப்பை அணைக்கும் TCP_NODELAY அமைப்பைப் போட்டதும் போனது. மூன்றாவது, ஒரு ரூட்டரிலிருந்து அடுத்ததற்குத் தாவுதல். ஒரே வைஃபை ரேடியோ என்றால் பழைய இணைப்பை விட்டுப் புதியதைப் பிடிக்கும்வரை வண்டிக்குப் பெட்டியே கிடையாது, அது ஒரு விநாடியைத் தாண்டுவதும் உண்டு. யுஎஸ்பி வைஃபை ஒன்று கூடுதலாகச் செருகி, அடுத்த பெட்டியோடு டிஎல்எஸ் கைகுலுக்கல் (மறையாக்கப்பட்ட இணைப்பின் தொடக்கம்) முடிந்த பிறகே பழையதை விடுவதாக மாற்றினோம். ரூட்டர்களைச் சேனல் 36, 149 இரண்டிலும் நிறுத்தியிருக்கிறோம். இடையிலுள்ள 52 முதல் 144 வரை ரேடாருக்கு வழிவிட வேண்டிய சேனல்கள். ரேடார் என்று ஏதோ ஒன்றைக் கேட்டால் ரூட்டர் பாதி ஓட்டத்தில் சேனல் மாறிவிடும்.

வண்டிக்குள் ஒரு சிறிய மாடல், மொபைல்நெட் எஸ்எஸ்டி, 300க்கு 300, இன்ட்8 (8 பிட் முழு எண்களில்), எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு படத்துக்கு 60 மில்லி விநாடி. தூரத்துப் பாதசாரியை அது தவறவிடும், பக்கத்தில் இருப்பதை விடாது. பெட்டி கிடைக்காதபோது வேகத்தைப் பாதியாக்கி இதை வைத்தே ஓட்டலாம். பெட்டிக்கு அனுப்புவதா வேண்டாமா என்ற முடிவு, கடைசி 50 பதில்களின் 95ஆவது சதவீதத் தாமதத்தைப் பார்த்து. ஒவ்வொரு பதிலோடும் பெட்டி தன் வரிசையின் நீளத்தைச் சொல்லும், அந்தக் காத்திருப்பும் கணக்கில் சேரும். மொத்தம் 100 மில்லி விநாடியைத் தாண்டினால் படம் வண்டிக்கு உள்ளேயே. மறுபடி அனுப்பத் தொடங்க 80க்குக் கீழே வர வேண்டும். இரண்டுக்கும் ஒரே எண்ணை வைத்தால் வண்டி உள்ளேயும் வெளியேயும் மாறி மாறித் தாவும், வேகமும் கூடவே குதிக்கும். கெடு தாண்டி வந்த பதிலைத் தயங்காமல் எறிந்துவிட வேண்டும். தாமதமான சரியான பதில், நகர்ந்துபோன இடத்துக்கான தவறான பதில்.

லெட்ஜரை எங்கே வைப்பது

இந்த விஷயத்தில் படிக்கக் கிடைக்கும் பல வரைபடங்களில் வண்டி, பிளாக்செயின், எட்ஜ் என்று ஒரே அம்பு வரிசையில் போட்டிருப்பார்கள். அப்படியே கட்டிப் பார்த்தோம்: ஒவ்வொரு வேலையும் ஒரு பரிவர்த்தனை, அது பிளாக்கில் (பரிவர்த்தனைகளைச் சேர்த்துக் கட்டும் தொகுதியில்) ஏறிய பிறகே பெட்டி வேலையைத் தொடங்கும். ஃபேப்ரிக்கின் மாதிரி அமைப்பில் பிளாக் வெட்டும் காத்திருப்பு 2 விநாடி, அல்லது 10 பரிவர்த்தனை சேர்வது, எது முன்னோ அது. ஒரே வண்டி ஓடும்போது ஒவ்வொரு வேலையும் அந்த 2 விநாடியைத் தின்னும். காத்திருப்பை 200 மில்லி விநாடியாகக் குறைத்தாலும் ஒப்புதல், வரிசைப்படுத்தல், சரிபார்ப்பு எல்லாம் சேர்ந்து கெடுவைப் பல மடங்கு தாண்டுகிறது. பொது எத்தீரியத்தில் ஒரு பிளாக்குக்கான ஸ்லாட்டே 12 விநாடி. அங்கே பேச்சே இல்லை.

வேகம் ஒரு பக்கம், இடம் இன்னொரு பக்கம். ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் ஒப்புதல் தந்தவர்களின் சான்றிதழ்களும் கையொப்பங்களும் ஏறுவதால் 5 கிலோபைட் பக்கம் ஆகிறது. மூன்று வண்டி, விநாடிக்குப் பத்துப் படம் என்றால் விநாடிக்கு 150 கிலோபைட், ஒரு நாளைக்கு 13 ஜிபி. அதுவும் மூன்று நோடிலும்.

இப்போதுள்ள ஏற்பாட்டில் லெட்ஜர் வேலைக்கு முன்னும் பின்னும் மட்டும் வருகிறது, நடுவில் வருவதே இல்லை.

முன்னால்: எந்தப் பெட்டிகள் நம்பத்தக்கவை, அவற்றின் பொதுச்சாவி என்ன, எந்த மாடல் பதிப்பு ஓட வேண்டும் என்ற பட்டியல் லெட்ஜரில் இருக்கிறது. வண்டி அதை இழுத்து நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது, 60 விநாடிக்கு ஒருமுறை புதுப்பிக்கிறது. 5 நிமிடம் புதுப்பிக்க முடியவில்லையென்றால் பட்டியல் காலாவதி, உள்ளே மட்டும் ஓட்டம். இங்கே கவனிக்க வேண்டியது, ஃபேப்ரிக்கில் படிக்கும் கோரிக்கை ஒரே ஒரு பியருக்குத்தான் (லெட்ஜரின் நகலை வைத்திருக்கும் நோடுக்குத்தான்) போகும். எழுதுவதற்குள்ள பல தரப்பு ஒப்புதல் படிப்பதற்கு இல்லை. அந்த ஒரு பியர் பொய் சொன்னால் வண்டி நம்பிவிடும். ஆகவே இரண்டு நிறுவனங்களின் பியர்களைத் தனித்தனியாகக் கேட்டு, இரண்டும் ஒத்துப்போனால்தான் ஏற்கிறது.

நடுவில்: வண்டிக்கும் பெட்டிக்கும் இடையே நேரடி இருவழிச் சான்றிதழ் டிஎல்எஸ் 1.3. ஒவ்வொரு பதிலோடும் ஒரு ரசீது: வேலை எண் 16 பைட், படத்தின் ஷா-256 ஹாஷ் (உள்ளடக்கம் மாறினால் மாறிவிடும் கைரேகை எண்) 32 பைட், மாடல் பதிப்பின் ஹாஷ் 32, பதிலின் ஹாஷ் 32, வந்த நேரம் 8, போன நேரம் 8. ஆக 128 பைட், அதன் மேல் 64 பைட் கையொப்பம். ரசீதை ஜேசனில் (எழுத்து வடிவத் தரவு அமைப்பில்) எழுதி அதன்மேல் கையொப்பமிட வேண்டாம். ஒரு தசம எண்ணைப் பைத்தான் மொழி ஒருவிதமாகவும் கோ மொழி ஒருவிதமாகவும் எழுதும், கையொப்பம் சரியாக இருந்தும் பொருந்தாது. நிலையான நீளமுள்ள பைனரி அமைப்பே நல்லது, பைட் வரிசையையும் எழுதி வைத்துவிட வேண்டும்.

பின்னால்: பத்து விநாடிக்கான 100 ரசீதுகளை ஒரு மெர்க்கில் மரமாக (ஹாஷ்களை இரண்டிரண்டாகச் சேர்த்து ஹாஷ் செய்து கடைசியில் ஒரே வேராக்கும் அமைப்பாக) கட்டி, அதன் வேரை மட்டும் வண்டி லெட்ஜரில் போடுகிறது. மேலே சொன்ன மூன்று வண்டிக் கணக்கிலும் மணிக்கு 5.4 எம்பிதான். பின்னால் ஒரு ரசீதைக் காட்டி வழக்காட வேண்டுமென்றால் அதனோடு ஏழு ஹாஷ், 224 பைட் கொடுத்தால் போதும். மரம் கட்டும்போது இலைக்கு முன்னால் 0 என்ற பைட்டும் உள்முனைக்கு முன்னால் 1 என்ற பைட்டும் சேர்த்தே ஹாஷ் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் உள்முனை ஒன்றை இலை என்று காட்டி ஏமாற்ற முடியும். ஒற்றைப்படையில் மிஞ்சும் இலையை இரட்டித்துச் சேர்ப்பதும் கூடாது. இரண்டு வேறு பட்டியல்களுக்கு ஒரே வேர் வரும். பிட்காயினிலேயே 2012இல் இந்த ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது.

செயின்கோடு (லெட்ஜரில் எழுதும் விதிகளைச் செயல்படுத்தும் நிரல்) கோ மொழியில். மூன்று இடங்கள் கடித்தன. கணினியின் நேரத்தைச் செயின்கோடுக்குள் கேட்டால் ஒவ்வொரு பியரிலும் வேறு நேரம் வரும், ஒப்புதல்கள் பொருந்தாமல் பரிவர்த்தனை விழும். பரிவர்த்தனையோடு வரும் நேரமுத்திரையைத்தான் எடுக்க வேண்டும். கோவின் மேப்பை (சாவி-மதிப்புப் பட்டியலை) லூப்பில் ஓட்டினால் வரிசை ஒவ்வொரு முறையும் மாறும், அதே கோளாறு; சாவிகளை முதலில் வரிசைப்படுத்த வேண்டும். மூன்றாவது, பெட்டியின் நம்பகத்தன்மை மதிப்பெண்ணை (கணக்கு கீழே வருகிறது) ஒரே சாவியில் வைத்து இரண்டு வண்டிகள் ஒரே பிளாக்கில் திருத்தினால், முதலாவது ஏறும், இரண்டாவது எம்விசிசி முரண் (படித்த மதிப்பு அதற்குள் மாறிவிட்டது) என்று செல்லாததாகும். செல்லாததும் பிளாக்கில் ஏறத்தான் செய்யும், ஆனால் விளைவு இல்லை. க்ளையன்ட் நிரல் அனுப்பியதோடு நின்றுவிட்டு நிலையைக் கேட்காமல் இருந்தால் மதிப்பெண்கள் சத்தமில்லாமல் காணாமல் போகும். ஒவ்வொரு மாற்றத்தையும் பெட்டிப் பெயரும் பரிவர்த்தனை எண்ணும் சேர்ந்த தனிச் சாவியில் எழுதி, நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே நிறுவனம் கூட்டிச் சுருக்குவதாக மாற்றியதும் முரண் நின்றது.

கையொப்பம் இருந்தால் பதில் சரியாகிவிடுமா

ஆகாது. யார் சொன்னார் என்பதைத்தான் கையொப்பம் காட்டும், சொன்னது சரியா என்று காட்டாது. பெட்டிக்காரர் மின்செலவை மிச்சம் பிடிக்க மூன்று படத்துக்கு ஒருமுறை மட்டும் மாடலை ஓட்டி, நடுவில் பழைய பதிலையே கொடுக்கலாம். ரசீது ஒழுங்காக இருக்கும்.

ஒரே படத்தை இரண்டு பெட்டிக்கும் அனுப்பிப் பதில்களின் ஹாஷை ஒப்பிடுவது எளிதாகத் தோன்றும், ஆனால் வேலை செய்யாது. மாடலை என்விடியா ஜிபியுவில் வேகமாக ஓட்டும் டென்சர்ஆர்டி தன் எஞ்சினை அந்தந்த ஜிபியுவுக்கென்று கட்டுகிறது, எஃப்பி16இல் கூட்டும் வரிசையே வேறு. பொருளைச் சுற்றி வரையும் கட்டத்தின் இடது விளிம்பு 211.4 என்று ஓரின் சொல்கிறது, மடிக்கணினி 211.6 என்கிறது, இரண்டுமே சரி, ஹாஷ் இரண்டும் வேறு. ஆகவே ஒப்பீடு ஹாஷில் இல்லை, அந்தக் கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் பங்கில்: ஒரே வகைப் பொருள், படிவு 0.5க்கு மேல் என்றால் பொருத்தம். இருபதில் ஒரு படம் இப்படிச் சோதனைக்குப் போகும். எந்தப் படம் என்று முதல் பதில் வந்த பிறகே வண்டி தற்செயலாகத் தேர்ந்தெடுக்கும். முன்கூட்டியே தெரிந்தால் பெட்டி அதற்கு மட்டும் ஒழுங்காக வேலை செய்யும்.

இதிலும் மெதுவாக ஓடும்போது ஒரு ஓட்டை இருந்தது. காட்சி அதிகம் நகராததால் பழைய பதிலே 0.5ஐத் தாண்டிவிடுகிறது. இதற்குக் கண்ட வழி இந்த மேடையில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி: சில படங்களை வண்டி இடவலம் புரட்டி அனுப்பும், வரும் பதிலைத் திரும்பப் புரட்டிக்கொள்ளும். பழைய பதிலைத் திருப்பித் தருபவர் அப்போதே மாட்டிக்கொள்வார், ஏனென்றால் ஆள் இடப்பக்கம் இருக்க வேண்டிய இடத்தில் வலப்பக்கம் காட்டுவார். கூடுதல் செலவு கிட்டத்தட்ட எதுவும் இல்லை, புரட்டப்பட்ட படம் என்று பார்த்தவுடன் தெரியவும் தெரியாது. பொருள் நட்டநடுவில் மட்டும் இருக்கும் படங்களை இதற்கு எடுக்கக் கூடாது. இடது திருப்பம், வலது திருப்பம் என்ற பலகைகளைப் படிக்கும் மாடலுக்கும் இது ஆகாது. ஆள், வண்டி, தடுப்புக்கு ஆகும்.

மதிப்பெண் 0 முதல் 1000 வரை முழு எண்ணில். புதிய மதிப்பு, பழையதின் ஒன்பது பங்கும் இப்போதைய சோதனையின் ஒரு பங்கும் என்று வைத்துப் பார்த்தால், முழு எண் வகுத்தலில் மதிப்பெண் 991இலேயே நின்றுவிடும், ஆயிரத்தைத் தொடாது. அதில் பாதகமில்லை. பாதகம் இறக்கத்தில்: 991இலிருந்து விலக்கு எல்லையான 300க்குக் கீழே வர 12 தொடர் தோல்வி வேண்டும். விநாடிக்குப் பத்துப் படத்தில் இருபதில் ஒன்று என்றால் 24 விநாடி. அவ்வளவு நேரம் பொய் சொல்லும் பெட்டியை நம்பி ஓட்ட முடியாது. இப்போது ஏற்றம் மெதுவாக, இறக்கம் பாதிப் பாதியாக: 991, 495, 247. இரண்டு தோல்வியில் பெட்டி பட்டியலை விட்டுப் போகும், ஒற்றைத் தவறு செய்த நல்ல பெட்டி தப்பிக்கும்.

வண்டியே பொய்ப் புகார் கொடுக்கலாம் என்பதையும் விடக்கூடாது. புகார் ஏற ரசீதும் மூலப் படமும் வேண்டும். ரசீதில் படத்தின் ஹாஷ் பெட்டியின் கையொப்பத்துக்குள் இருப்பதால் வண்டி படத்தை மாற்ற முடியாது. மூன்றில் இரண்டு நிறுவனங்கள் அந்தப் படத்தைத் தங்களிடம் ஓட்டிப் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் மதிப்பெண் இறங்கும். படம் லெட்ஜரில் ஏறாது. மறையாக்கம் செய்து 24 மணி நேரம் வண்டியின் வட்டில் இருக்கும்.

சாவியும் அந்தரங்கமும்

சாலையோரப் பெட்டியை ஸ்க்ரூடிரைவரோடு வந்து யாரும் திறக்கலாம். சாவி வட்டில் கோப்பாக இருந்தால் பெட்டியின் அடையாளமே போயிற்று. ஏடெக் 608 சிப்பிலிருந்து தனிச்சாவி வெளியே வராது. ஆனால் அது பி-256 என்ற கையொப்ப வகையை மட்டுமே அறியும், ஐ2சி என்ற மெதுவான கம்பி இணைப்பு வழியாக எழுப்பி ஒரு கையொப்பம் வாங்கப் பல பத்து மில்லி விநாடி ஆகும். ஒவ்வொரு ரசீதுக்கும் அதைக் கேட்டால் கெடுவில் பாதி அங்கேயே போகும். ஆகவே சிப் 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு தற்காலிக எட்25519 (வேறொரு கையொப்ப வகை) சாவிக்குச் சான்று தருகிறது, ரசீதுகளில் அந்தத் தற்காலிகச் சாவிதான் கையொப்பமிடுகிறது. பெட்டி திருடு போனாலும் நினைவகத்தில் இருப்பது சில நிமிடச் சாவி மட்டும்.

வண்டியின் பதிவு எண்ணை ஹாஷ் செய்து லெட்ஜரில் போட்டால் அந்தரங்கம் காக்கப்பட்டது என்று நினைப்பது பெரும் ஆபத்து. இரண்டு இலக்கம், ஒன்று அல்லது இரண்டு எழுத்து, நான்கு இலக்கம் என்ற அமைப்பில் ஒரு மாநிலத்துக்கு 70 கோடி எண்ணுக்குள்தான் வரும். சாதாரண கேமிங் ஜிபியு அத்தனையையும் சில விநாடியில் ஹாஷ் செய்து பார்த்துவிடும். லெட்ஜரில் ஏறியதை அழிக்கவும் முடியாது. பதிவு எண்ணோ இருப்பிடமோ எந்த வடிவிலும் ஏறக் கூடாது. மாறிக்கொண்டே இருக்கும் புனைபெயர்ச் சான்றிதழ் மட்டும், ஒவ்வொரு மரத்திலும் ஊகித்துப் பார்க்க முடியாதபடி கலக்கும் 32 பைட் தற்செயல் எண் (உப்பு) ஒன்று.

லெட்ஜர் நோடுகளில் வந்த கோளாறுகள்

பை 4இல் பேட்டரியோடு கூடிய கடிகாரம் கிடையாது. மின்சாரம் போய் வந்தால் பழைய நேரத்தோடு எழும்பும், சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று டிஎல்எஸ் மறுக்கும், பியர்கள் ஒன்றையொன்று பார்க்காது. பதிவைப் பார்த்தால் சான்றிதழ்க் கோளாறு போலத் தெரியும். சான்றிதழைத் திரும்பத் திரும்ப உருவாக்கிப் பயனில்லை. டிஎஸ்3231 போட்டு, 5 வோல்ட்டில் அல்ல 3.3 வோல்ட் பின்னில் இணைத்து, நேரத்தை ஒத்திசைக்கும் க்ரோனி ஓட்டினால் தீர்ந்தது.

எஸ்டி கார்டில் பியரை ஓட்ட வேண்டாம். ஓயாமல் எழுதும் சுமையில் கார்டு சீக்கிரம் சாகும். யுஎஸ்பி எஸ்எஸ்டியிலும் சில மலிவான அடாப்டர்கள் யுஏஎஸ் என்ற வேகமான தரவுப் பரிமாற்ற முறையில் உறைகின்றன. கர்னல் வரியில் அந்த அடாப்டரின் எண்ணைக் கொடுத்து யுஏஎஸ்ஸை அணைத்தால் வேகம் சற்றுக் குறையும், உறைதல் நிற்கும். டாக்கரின் பதிவுக் கோப்புக்கு உச்ச அளவு வைக்காவிட்டால் வட்டு நிரம்பி பியர் நின்றுவிடும். கௌச்டிபி தரவுத்தளம் தேவைப்படவில்லை, சாவி கொடுத்து மதிப்பு கேட்பதுதான் வேலை என்பதால் லெவல்டிபியே போதும், 4 ஜிபி நினைவகத்தில் அது பெரிய நிம்மதி.

ராஃப்ட் (நோடுகள் ஒரு தலைமையைத் தேர்ந்து பரிவர்த்தனைகளை வரிசைப்படுத்தும் முறை) தலைமை நோடின் மின்சாரத்தைப் பிடுங்கினால், இயல்பு அமைப்பில் துடிப்பு 500 மில்லி விநாடி, தேர்தலுக்குப் பத்துத் துடிப்பு என்பதால், ஐந்து முதல் பத்து விநாடி எழுத்து நிற்கிறது. அந்த நேரத்தில் வண்டி வேர்களை வரிசையில் சேர்த்து வைத்துக்கொண்டு வழக்கம்போல் ஓடுகிறது. லெட்ஜர் வழியில் இல்லாததன் பலன் இந்தச் சோதனையில்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

அடுத்த கட்டமைப்பில் மாற்றப்போவது

ராஃப்ட் நின்றுபோகும் நோடைத்தான் தாங்கும், துரோகம் செய்யும் நோடைத் தாங்காது. ஒருவரை ஒருவர் நம்பாத தரப்புகளுக்காகக் கட்டுகிறோம் என்றால் ஃபேப்ரிக் 3.0இல் வந்துள்ள, துரோகத்தையும் தாங்கும் ஸ்மார்ட்பிஎஃப்டிக்குப் போவதே முறை. ஒரு துரோகியைத் தாங்க நான்கு ஆர்டரர் (வரிசைப்படுத்தும் நோடு) வேண்டும், ஆக இன்னொரு பலகையும் எஸ்எஸ்டியும், 7,500 ரூபாய்ப் பக்கம். லெட்ஜர்ப் பலகைகளை பை 5ஆக வாங்கினால் கடிகாரம் பலகையிலேயே வரும், அதற்கான பேட்டரி மட்டும் தனியாக வாங்க வேண்டும். யுஎஸ்பி வைஃபைக்குச் சேஸியில் முன்பே இடம் விட வேண்டும்; இப்போது அது கேமராவுக்குப் பின்னால் தொங்குவதால் மோதலில் முதலில் பிடுங்கிக்கொள்வது அதுதான். மூன்று நோடுகளும் ஒரே ஸ்விட்சில் இருப்பதால் இப்போதைய லெட்ஜர்த் தாமதங்கள் சலுகையான எண்கள். நிறுவனங்கள் வேறு வேறு நகரங்களில் இருப்பதைப் போல நெட்எம் என்ற லினக்ஸின் செயற்கைத் தாமதக் கருவி கொண்டு நோடுகளுக்கிடையே போக வரச் சேர்த்து 40 மில்லி விநாடி புகுத்திப் பார்க்க வேண்டும். நெட்எம் வெளியே போகும் பொட்டலத்தை மட்டும்தான் தாமதிக்கும், அதனால் எல்லா நோடிலும் 20, 20 என்று போட வேண்டும். ஒரு நோடில் மட்டும் 40 போட்டால் மற்ற இரண்டுக்கும் இடையே தாமதமே இருக்காது, தேர்தல் அளவீடுகள் பொய்யாகிவிடும்.